கடைசிப் பாட்டுக்குப் பிறகு

பாட்டு கேட்கிற ஆசையில்தான் நான் பைக்கில் ஸ்பீக்கர் பூட்டினேன் என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் சின்னவன் தன் புது பைக்கில் போனிலிருந்தே பாட்டு வருவதை எனக்குக் காட்டினான். "அப்பா, இந்தத் தோட்டத்துலயே மொதல்ல பைக்ல பாட்டு போட்டது நீங்கதானாமே? அப்புறம் ஏன் கழட்டிட்டீங்க?" என்று கேட்டான். பழசாகிவிட்டது என்று சொல்லி வைத்தேன். அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் பாதி உங்கள் அம்மாவின் விஷயம். அவளிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க, இனிமே என்ன" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழைகளை மகள் திருத்திக்கொள்ளட்டும்.

ஸ்பீக்கர் பூட்டியதற்குக் காரணம் என் தொண்டை.

தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு பாண் விற்கப் போனேன். டிக்கோயாவில் ஒரு பேக்கரி. விடியும்போது அங்கே போய் நின்றால் சூடு ஆறாத பாணும் பணிஸும் கிடைக்கும். பழைய பைக் ஒன்றின் பின் சீட்டில் தகரப் பெட்டியை வைத்து, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி, நம் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டத்தையும் சுற்றி வருவேன். காலையில் ஒரு சுற்று. பின்னேரம், கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு மடுவத்தில் போய் நிற்கிற மாதிரி இன்னொரு சுற்று. கொழுந்தெடுக்கிறவர்கள் கூடையோடு வந்து நிறுவைக்கு நிற்கிற அந்தத் தகரக் கொட்டகைதான் என் முக்கியமான கடை. பசியோடு வருகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

வரிசை வீடுகளாக இருக்கிற ஒவ்வொரு லயத்து முனையிலும் நின்று "பாண், பாண்" என்று கத்த வேண்டும். மழைக்காலத்தில் என் குரல் தகரக் கூரைச் சத்தத்தைத் தாண்டாது. மாலையாகும்போது தொண்டையில் முள் குத்தியது போலிருக்கும். சரி, ஹோர்ன் அடிப்போம் என்று அடித்துப் பார்த்தேன். ஹட்டனிலிருந்து வருகிற மீன்காரரும் அதே மாதிரி ஹோர்ன்தான் அடிப்பார். ஒரு நாள் கீழ் லயத்து அக்கா ஒருத்தி சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். என் பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "மீனுன்னு நெனச்சுப் புளியக் கரைச்சு வச்சிட்டேன். இப்ப அதுல ஒங்க பாணையா போடுறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லவும் தொண்டை இல்லை.

ஹட்டனில் பைக் திருத்துகிற ஒரு சிங்கள அண்ணன் இருந்தார். தம்பி என்கிற அர்த்தத்தில் என்னை மல்லி என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் பாட்டு யோசனையைச் சொன்னார். உடைந்த காரிலிருந்து எடுத்த கெசட் பெட்டி, மூன்று சக்கர வண்டியில் கிடந்த இரண்டு ஸ்பீக்கர். எண்ணெய்க் கேனைப் பாதியாக வெட்டி, மழை படாமல் ஸ்பீக்கருக்குத் தொப்பி போட்டார். "சரி மல்லி, இனி கத்தாதே" என்று முதுகில் தட்டி அனுப்பினார். சில காலம் நன்றாகத்தான் போனது. ஆனால் நம் தோட்டத்து ரோட்டில் எந்தக் கெசட்தான் தாங்கும்? ஒரு குழியில் விழுந்தால் நாடாவை விழுங்கிவிடும். பனிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினால் பெட்டரிக்குப் போதாமல் பாட்டு இழுக்கத் தொடங்கும். "தம்பி, ஒங்க பாட்டுக்காரருக்குக் காய்ச்சல் போல. டிக்கோயா ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்க" என்று மடுவத்தில் கிண்டல் செய்வார்கள். கடைசியில் கெசட் பெட்டி நின்றேபோனது. ஸ்பீக்கர்கள் மட்டும் பைக்கில் சும்மா தொங்கின. நான் மறுபடியும் கத்தத் தொடங்கினேன்.

அந்தச் சமயத்தில் உங்கள் அம்மா வெளிநாட்டில் இருந்தாள்.

அவள் போனதைப் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரியும். நான் போக வேண்டாம் என்றேன். பக்கத்துக் காம்பராவில் இருந்த உங்கள் பெரியம்மாவும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாள். உங்கள் அம்மா கேட்கவில்லை. லயத்துக்கு முன்னால் இரண்டு அறை எடுத்துக் கட்டாமல் பிள்ளைகளை இந்த ஒரு காம்பராவுக்குள் வளர்க்க முடியாது என்றாள். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போய், முடித்து, ஒரு மாதம் வந்து நின்றாள். அதற்குள் சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. மறுபடியும் போனாள். போகும்போது வாசலில் நின்று, கூரை போட்டுத்தான் இந்த வீட்டுப்படி மிதிப்பேன், எத்தனை வருஷமானாலும் இருந்துவிட்டுத்தான் வருவேன் என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவள் பேச்சு அப்படி. அவளோடு வாயாடி ஜெயித்தவர்கள் கிடையாது.

அதனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். இரண்டாவது ஒப்பந்தமும் முடியப்போகிறது. உங்கள் அம்மா திரும்பி வருவாளா, இன்னும் இரண்டு வருஷம் இருப்பாளா? இருக்கிறேன் என்று பெரியம்மாவிடம் போனில் சொல்லியிருந்தாள். பெரியம்மாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. "பாதிச் சுவர வச்சுக்கிட்டு வந்து என்ன செய்யப்போறா?" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளைகளோடு உங்கள் இருவருக்கும் சேர்த்துச் சோறு போட்டவள். அவளும் களைத்துத்தான் போயிருந்தாள்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், நினைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அந்த வருஷங்களை யோசித்தால் ஈரச் சட்டைதான் ஞாபகம் வருகிறது. உங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை காயவே காயாது. அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பேன். புகை மணத்தோடு போட்டுக்கொண்டு போவீர்கள். மகள் தானே பின்னிக்கொண்ட தலைப்பின்னல் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக இருக்கும். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது. தூங்குவதும் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. அதையும் முடிக்காமலே எழுந்து போவேன். ஒரு முறை பேக்கரி வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். பாண் கட்டுகிறவர் வந்து கன்னத்தில் தட்டி எழுப்பினார்.

அம்மா இருந்த ஊரிலேயே மேல் லயத்து அக்கா ஒருத்தியும் வேலை செய்தாள். அவள் லீவில் வந்தபோது அம்மா ஒரு பை கொடுத்துவிட்டிருந்தாள். பால்மா டின், சவர்க்காரம், உங்கள் இருவருக்கும் சப்பாத்து. எனக்கு, விரல் நீளத்தில் ஒரு பாட்டுக் கருவி. அப்போதுதான் அப்படிப்பட்டவை வரத் தொடங்கியிருந்தன. நாடாவும் இல்லை, தட்டும் இல்லை. சின்னப் பெட்டரி ஒன்று போட்டால் பாடும். அங்கே ஒரு கடையில் வேலை செய்த தமிழரிடம் சொல்லி, பழைய பாட்டுகளாக ஏற்றி வாங்கியிருக்கிறாள். காதில் மாட்டிக் கேட்கிற வயரும் கூடவே இருந்தது. "பாட்டெல்லாம் கடைசி வரைக்கும் கேக்கச் சொன்னா அண்ணே. மறக்காமச் சொல்லுன்னு ரெண்டு தடவ சொல்லிவிட்டா" என்றாள் மேல் லயத்து அக்கா.

நான் அதை வாங்கியதும் முதலில் நினைத்தது, பைக்கில் தொங்குகிற ஸ்பீக்கரை. அடுத்த நாளே ஹட்டனுக்குப் போனேன். அந்த அண்ணன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கு ஏற்ற வயர் தன்னிடம் இல்லை, கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்றார். காதில் மாட்டுகிற வயரை வெட்டினால் சரிவருமா என்று நான்தான் கேட்டேன். வெட்டினார். காதுப் பக்கத்து இரண்டு மொட்டும் மேசையில் கிடந்தன. மிச்ச வயரைப் பழைய பெட்டியின் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்து, பெட்டரியிலிருந்து ஒரு சுவிட்சும் வைத்துக் கொடுத்தார். கருவியைப் பாண் சுற்றுகிற பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, டாங்கிக்குக் கீழே மூடிக்குள் வைத்து ஸ்க்ரூ போட்டுவிட்டோம். காலையில் மூடியைக் கழற்றி அதை இயக்கிவிட்டால் முதல் பாட்டிலிருந்து பாடத் தொடங்கும். சுற்று முடிந்ததும் நிறுத்துவேன். பின்னேரமும் அப்படித்தான். குழியில் விழுந்தாலும் நிற்காது, மேட்டில் இழுக்காது. லைட்டைப் போட்டால் சத்தம் கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். முதல் பாட்டு கேட்டால் கீழ் லயம், நாலாவது பாட்டு கேட்டால் மேல் லயம் என்று ஆட்கள் தயாராகவே நின்றார்கள். என் தொண்டை ஆறியது.

என் சுற்று முடிகிறபோது பாட்டுகள் இன்னும் மிச்சம் இருக்கும். கடைசிப் பாட்டு எது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

லயத்துக் கடையில் அப்போது கம்பியில்லாத போன் ஒன்று வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்குத்தான் கோல் எடுப்பாள். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, நடுவில் நின்று பேச வேண்டும். நலமா, பிள்ளைகள் படிக்கிறார்களா, மழையா என்பதற்கு மேல் எதையும் பேச முடியாது. பாட்டுக் கருவி வந்து சில வாரம் கழித்து ஒரு நாள் கேட்டாள்.

"பாட்டெல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டேன். எல்லாம் நல்ல பாட்டு."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்" என்றேன். அவ்வளவு தூரம் அனுப்பியவளிடம் பாதிதான் கேட்டேன் என்று சொல்வானேன் என்று நினைத்தேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். பிறகு, "சரிங்க. அப்ப அப்படியே இருக்கட்டும்" என்றாள். பெரியம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

அதற்கப்புறம் ஒரு பின்னேரம். விடாத தூறல். தராசோடு வருகிற கொழுந்து லொறி, மடுவத்துக்கு மேலே இருக்கிற வளைவில் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சில்லை இறக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். நிறுவை இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சேர்ந்து கொழுந்தெடுக்கிற ஒரு நிரைப் பெண்கள் முழுக்க, படங்குச் சாக்கைத் தோளில் போர்த்தியபடி மடுவத்துக்குள் ஒட்டி நின்றார்கள். கணக்கப்பிள்ளை வாசலில் குடைபிடித்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பாண் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. கிளம்பலாம் என்று பார்த்தால் ரோட்டை லொறி மறித்துக்கொண்டிருந்தது. பாட்டையாவது நிறுத்துவோம் என்று போனேன். வேண்டாம், போகிற நேரமாவது போகட்டும் என்றார்கள். பைக்கை மடுவத்துக்குள்ளேயே ஏற்றி நிறுத்தியிருந்தேன். நான் கேட்டிராத பாட்டுகளெல்லாம் வந்தன. ஒருத்தி கூடவே முணுமுணுத்தாள். நான் பெட்டியின் மேல் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது வரவில்லை. கொஞ்சம் கரகரப்பு. பிறகு உங்கள் அம்மாவின் குரல் வந்தது. அந்தக் கருவியில் பேசியும் பதியலாம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏங்க, நாந்தான். காதுல மாட்டிக்கிட்டுத்தானே கேக்குறீங்க? பக்கத்துல யாரும் இல்லியே?"

இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது. தகரக் கொட்டகைக்குள் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. நான் விழுந்தடித்து எழுந்து சுவிட்சில் கை வைத்தேன். முன்னால் நின்ற மூத்த அக்கா, அந்த நிரையிலேயே வயதானவள், என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிப்பாட்டாதீங்க தம்பி. பேசட்டும். பாவம், எப்ப பேசுனாளோ."

என்னால் அந்தக் கையை உதறியிருக்க முடியும். உதறவில்லை. எனக்கும் கேட்க வேண்டியிருந்தது.

"போன்ல சொல்ல முடியலீங்க. இங்க மேடம் நிக்கிறாங்க, அங்க கடையே நிக்குது. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. அக்காகிட்ட இருக்கேன்னுதான் சொல்லியிருக்கேன். என்னால முடியலீங்க. அடிக்கிறாங்க, சோறு போடலன்னு எல்லாம் இல்ல. அது ஒண்ணுமில்ல. மூணு மாடி வீடு. ஏறி ஏறி எறங்கி முழங்கால் ரெண்டும் வீங்கிப் போகுது. படுத்தா சின்னவன் மொகம் நெனப்புக்கு வரமாட்டேங்குது. போட்டோவ எடுத்துப் பாத்தாத்தான் வருது. அதுதான் பயமா இருக்கு.

"நீங்க வான்னா வந்துர்றேன். ஆனா நான் கேட்டு வந்ததா இருக்க வேணாம். நீங்களாக் கூப்பிட்டதா இருக்கட்டும். அம்புட்டு வாய் பேசிட்டு வந்தேன். கூரையும் இல்லாம, முடியலன்னு வந்து நின்னா லயத்துல என்னென்ன பேசுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். போன்ல வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லலன்னா, இருன்னு சொல்றீங்கன்னு வெளங்கிக்குவேன். கோவிச்சுக்க மாட்டேன். அவ்வளவுதான். இத எப்படி நிப்பாட்டுறதுன்னு தெரியல."

அவள் நிறுத்தவில்லை. தெரியவில்லை போலிருக்கிறது. கருவியைப் பையில் போட்டிருப்பாள். துணி உரசுகிற சத்தம் வந்தது. தூரத்தில் யாரோ ஏதோ மொழியில் கூப்பிட்டார்கள். அம்மா அதே மொழியில் பதில் சொன்னாள். பிறகு படி ஏறுகிற சத்தம். ஒரு படி, ஒரு மூச்சு. ஒரு படி, ஒரு மூச்சு. அது முடியவே முடியாதோ என்றிருந்தது. மடுவத்தில் ஒருவரும் அசையவில்லை. பிறகு அது அறுந்து, முதல் பாட்டு மறுபடியும் தொடங்கியது. நான் சுவிட்சை அணைத்தேன்.

லயத்தில் வளர்ந்தவர்கள் நீங்கள். ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கும் என்று தெரியும். வெளிநாட்டிலிருந்து முடியாமல் திரும்பி வருகிற பெண்ணைப் பற்றி எத்தனை கதை கட்டுவார்கள் என்பதும் தெரியும். அங்கே என்ன நடந்ததோ, யாரோடு என்னவோ என்பார்கள். புருஷன் கூப்பிட்டு வந்தால் ஒரு கதையும் இல்லை. அந்த ஒன்றைத்தான் அவள் என்னிடம் கேட்டிருந்தாள், அதுவும் என் காதில் மட்டும் விழும்படி. நான் காதுக்கு வைத்ததை வெட்டிவிட்டு ஒரு நிரைக்கே கேட்க வைத்திருந்தேன். அதைவிட இன்னொன்று உறைத்தது. கடைசி வரைக்கும் கேட்டேன் என்று நான் சொன்னதை, இரு என்று நான் சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாள். எத்தனை நாளாக அப்படி நினைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுகிறாளோ. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டாளோ என்னவோ.

மூத்த அக்கா என் கையை விட்டாள். திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நாம பாட்டுக் கேட்டோம். பாட்டு முடிஞ்சு போச்சு."

ஓரத்தில் நின்ற ஒருத்தி, "அவங்க அக்காவுக்கு..." என்று இழுத்தாள். உங்கள் பெரியம்மா மேல் டிவிசனில் வேலை செய்ததால் அன்றைக்கு அங்கே இல்லை.

"அவளுக்கும் பாட்டுத்தான்" என்றாள் மூத்த அக்கா.

கணக்கப்பிள்ளை குடைக்குள்ளிருந்தபடி மேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் காதிலும் விழுந்திருக்கும். லொறி வந்துவிட்டது, வரிசையாக வாருங்கள் என்று மட்டும் சொன்னார். லொறி உண்மையில் இன்னும் வந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வரை எப்படிப் போனது என்று தெரியவில்லை. அவள் வேலை செய்த வீட்டுக்கு நாம் கோல் எடுத்தால் அவளுக்குத்தான் ஏச்சு விழும். அதனால் காத்திருக்கத்தான் வேண்டும். பாட்டுப் போடவில்லை. மறுபடியும் தொண்டையால்தான் கத்தினேன். யாராவது கேட்டால், மடுவத்துப் பெண்கள் முந்திக்கொண்டு, பெட்டி ரிப்பேராம் என்றார்கள். ஒரு காலையில் பெட்டியில் பணிஸ் ஏற்ற மறந்து வெறும் பாணோடு வந்துவிட்டேன். அதற்கும் யாரும் ஏசவில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனபோது பெரியம்மா முன்னாலேயே வந்து நின்றாள். கூரைத் தகரத்தைப் பற்றித் தங்கையிடம் பேச வேண்டுமாம். கடைக்குள் வழக்கத்தைவிட ஆள் அதிகம். ஒருத்தி நெருப்புப்பெட்டி கேட்டாள். ஒருத்தி உப்பு. மூத்த அக்கா ஒன்றும் வாங்காமல் வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் மடுவத்து முகங்கள். போன் அடித்தது.

அம்மா நலம் விசாரித்தாள். குரல் தட்டையாக இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி பேசினேன். நான் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

"இந்தா, போதும் இருந்தது. இந்த ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்துரு. கூரையும் வேணாம் ஒண்ணும் வேணாம். நான் சொல்றேன், வந்துரு."

பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன தம்பி நீங்க? அவளே இருக்கேங்குறா. நீங்க எதுக்குக் குறுக்க நிக்கிறீங்க?"

நான் பதில் தேடுவதற்குள் மூத்த அக்கா வாழைக்குலையை விட்டுத் திரும்பினாள். போனுக்குள் விழும்படியாகத்தான் பேசினாள். "அந்த மனுசன் ஆக்குற பருப்பப் பாத்தியாடி? நாய்கூட மோந்து பாத்துட்டுப் போகுது. பொண்டாட்டி இல்லாம ஒரு ஆம்பள இப்படியா கெடந்து உருகுவான்?" நெருப்புப்பெட்டிக்காரி விடவில்லை. "பாண் கட்டும்போதே அழுவுறாருக்கா. எங்க பாண் எல்லாம் உப்பாத்தான் இருக்கு." கடையில் எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் முகம் காதுவரை சூடானது. ஆனால் அந்தச் சிரிப்பு அப்படியே போனுக்குள் போயிருக்கும் என்று தெரிந்தது.

"இம்புட்டு நாள் கழிச்சு இப்பவா சொல்றீங்க?" என்றாள் உங்கள் அம்மா. மெதுவாக, எனக்கு மட்டும்.

"பாட்ட இப்பத்தான் முழுசாக் கேட்டு முடிச்சேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. இருக்கிறேன் என்று மேடத்திடம் வாயால் சொல்லிவிட்டாளாம். பேப்பர் இன்னும் வரவில்லையாம். சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். அடுத்த நொடியே குரலை உயர்த்தி, பழைய அம்மாவாகி, "நீங்க சொல்றீங்களேன்னுதான் வர்றேன். எனக்கு ஒண்ணுமில்ல, நான் இருப்பேன். அக்காகிட்டயும் அப்படியே சொல்லுங்க" என்றாள். நான் அப்படியே சொன்னேன்.

உடனே வந்துவிடவில்லை. வேறு ஆள் வரும் வரை விடமாட்டோம் என்று ஒப்பந்தம் முடிந்த பிறகும் மாதக்கணக்காக வைத்திருந்தார்கள். அவள் வந்தது நுவரெலியாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி பிடிக்கிற காலத்தில். வேனிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்து, நின்று, மற்றக் காலை வைத்தாள். மகள் ஓடிப்போய்ப் பையை வாங்கினாள். சின்னவன் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அவனையே பார்த்தாள். உள்ளே போய்ப் படுத்தவள், சாப்பிட மட்டும் எழுந்து, நாள் கணக்கில் தூங்கினாள். பார்க்க வந்தவர்களையெல்லாம் நான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். கூரையில்லாத சுவருக்குள் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் பாண் பெட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

முழங்கால் கொஞ்சம் தேறியதும் மறுபடியும் பேர் பதிந்துகொண்டு, அன்று மடுவத்தில் நின்ற அதே நிரையில் கொழுந்துக்குப் போனாள். நிரையில் கிண்டல் தொடங்கிவிட்டது. பொண்டாட்டியைக் கூப்பிட்டு அழுத பாண்காரர் என்று எனக்குப் பேர் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் உங்களைக்கூடக் கேலி செய்திருக்கிறார்கள். மகள் ஒரு முறை அழுதுகொண்டு வந்து, நிஜமாவே அழுதீங்களா அப்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு வேறு பதில் இல்லை என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

உங்கள் அம்மா அந்தக் கிண்டலைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். தலை நிமிர்ந்துதான் நடந்தாள். முடியாமல் வந்தவள் என்று ஒரு வாய் பேசவில்லை. மடுவத்தில் நடந்ததை நானும் அவளிடம் சொல்லவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றி அடுப்புக்கு மேலே பலகையில் போட்டுவிட்டேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நான் பைக்கின் சங்கிலியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"நான் பேசுனத எங்க உக்காந்து கேட்டீங்க?"

பொய் சொல்ல யோசித்தேன். வரவில்லை. லொறி கானுக்குள் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"யார் யாரு இருந்தாங்க?"

"ஒங்க நிரை முழுக்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். கணக்கப்பிள்ளையும்."

எண்ணெய்க் கையை முழங்கால் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏசப்போகிறாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு வருசமா அவளுங்களோடதான் நிக்கிறேன்" என்றாள். "ஒருத்திகூட சொல்லலியே."

நான் சங்கிலியைத் துடைத்தேன். இருட்டியதும் அவள் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். அடுத்த நாள் வழக்கத்தைவிட நேரத்தோடு கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்றேன். மூத்த அக்காவின் காம்பரா வழியாகப் போய் அவளையும் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாள். முழங்காலை மெதுவாக ஊன்றி, லயத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.